பாஸ்பேட் உரம் போட்ட மண்ணில் யுரேனியம்: ஓமலூர் மரவள்ளிக் காடு, ஏற்காடு காப்பித் தோட்டம் - எப்படி அளப்பது?

ஓமலூர்_செம்மண் கேட்டது:

இரண்டு இடம், ஒரே கேள்வி. பாஸ்பேட் உரம் வருஷக்கணக்கில் விழுந்த மண்ணில் யுரேனியம் ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் எவ்வளவு?

முதல் இடம் ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவில் 3 ஏக்கர் செம்மண் காடு. மரவள்ளி, நிலக்கடலை மாற்றி மாற்றி. ஏக்கருக்கு வருஷம் 2 மூட்டை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்), 28 வருஷமாக. கடைசி 12 வருஷம் போர்ப் பாசனம், அதற்கு முன்னால் மானாவாரி. இரண்டாவது, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அரபிகா காப்பித் தோட்டம். அங்கே டி.ஏ.பி. கம்மி, ராக் பாஸ்பேட்தான் (அரைத்த பாஸ்பேட் பாறை) அதிகம். போர் கிடையாது, மழைதான்.

ஓமலூர் மண்ணுக்கு முதல் சுற்று முடிந்தது. 0-15 செ.மீ. ஆழம். ஜெர்மானியம் டிடெக்டரில் காமா கதிரை எண்ணி, 609 கே.ஈ.வி. (கதிரின் ஆற்றல் அளவு) கோட்டை வைத்து 'யுரேனியம்-238' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: காட்டுக்குள் கிலோவுக்கு 15 பெக்கரல் (நொடிக்கு 15 சிதைவு), வரப்பிலும் 15. அதே மண்ணை அக்குவா ரீஜியாவில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்து ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸில் (அணுக்களை எடை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) பார்த்தால் காட்டுக்குள் 1.45 மி.கி./கிலோ (5 மாதிரி சராசரி), வரப்பில் 1.10 (3 மாதிரி).

ஒன்று வித்தியாசமே இல்லை என்கிறது, இன்னொன்று முப்பது சதவீதம் கூடுதல் என்கிறது. எதை எடுத்துக்கொள்வது? இன்னும் 40 மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது. கையில் தண்ணீரில் யுரேனியத்தை அதன் ஒளிர்வை வைத்துப் பார்க்கிற எல்.இ.டி. ஃப்ளோரிமீட்டர் ஒன்று இருக்கிறது. மண்ணுக்கு அதைப் பயன்படுத்தலாமா?

---

காமா_எண்ணி:

இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். அவை அளந்தது ஒரே பொருளை அல்ல, அவ்வளவுதான்.

609 கே.ஈ.வி. பிஸ்மத்-214 விடுகிற கோடு. 295, 352 கே.ஈ.வி. இரண்டும் ஈயம்-214. இவையெல்லாம் ரேடியம்-226க்குக் கீழே வரும் பிள்ளைகள். இவற்றை எண்ணிவிட்டு 'யுரேனியம்-238' என்று எழுதுவது, மேலே இருக்கிற தாத்தாவும் அதே அளவில் இருப்பார் என்ற நம்பிக்கையில். கைபடாத பாறை மண்ணில் அந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். உரம் விழுந்த மண்ணில் செல்லாது. பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடு போகிறது. ரேடியம் ஜிப்சத்தோடு படிந்துவிடுகிறது. அந்த அமிலத்திலிருந்து வருவதுதான் டி.ஏ.பி. ஆக உங்கள் மூட்டையில் யுரேனியம் இருக்கும், ரேடியம் சொற்பம். 28 வருஷம் போட்டாலும் 609 கோடு அசையாது. உங்கள் முடிவும் அதைத்தான் காட்டுகிறது.

கணக்கில் பாருங்கள். 1 மி.கி./கிலோ யுரேனியம் என்றால் யுரேனியம்-238 மட்டும் 12.35 பெக்கரல்/கிலோ. 15 பெக்கரலை அதால் வகுத்தால் 1.2 மி.கி. வரப்பில் அக்குவா ரீஜியா 1.10 காட்டியது அதோடு ஒத்துப்போகிறது. காட்டுக்குள் 1.45 ஒத்துப்போகவில்லை. அந்த இடைவெளியே ரேடியம் இல்லாத யுரேனியம் வெளியிலிருந்து வந்ததற்கான முதல் தடயம்.

சூப்பர் பாஸ்பேட்டுக்கு இந்தக் கதை வேறு. அதில் ஜிப்சம் பிரிக்கப்படுவதில்லை, ரேடியமும் கூடவே நிலத்துக்கு வரும். ராக் பாஸ்பேட்டும் அப்படித்தான். இன்னொன்று, நிலக்கடலைக்கு ஜிப்சம் போட்டிருக்கிறீர்களா? ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது வழக்கமான பரிந்துரை. கடையில் கிடைப்பது சுரங்க ஜிப்சமா, உர ஆலையிலிருந்து வந்த பாஸ்போஜிப்சமா என்று கேளுங்கள். பாஸ்போஜிப்சம் என்றால் ரேடியம் ஏறும், யுரேனியம் அவ்வளவாக ஏறாது. அப்போது 609 கோடு எதிர்த் திசையில் ஏமாற்றும்.

காமாவிலேயே யுரேனியத்தை நேராகப் பார்க்க இரண்டு வழி. தோரியம்-234 விடும் 63.3 கே.ஈ.வி., புரோட்டாக்டினியம்-234எம் விடும் 1001 கே.ஈ.வி. பின்னது நூற்றுக்கு 0.84 தடவைதான் வரும். அரை கிலோ மண், 15 பெக்கரல்/கிலோ, டிடெக்டர் திறன் 1 சதவீதம் என்று வையுங்கள்: ஒரு நாள் முழுக்க எண்ணினாலும் 54 எண்ணிக்கை. அதன் அடியில் பின்னணி வேறு. இதை வைத்து 0.35 மி.கி. வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. 63.3 கோடு நல்லது, ஆனால் மெல்லிய ஜன்னல் உள்ள என்-வகை டிடெக்டர் வேண்டும், மண்ணே அந்தக் கதிரை விழுங்குவதற்குத் திருத்தமும் போட வேண்டும். 186 கே.ஈ.வி. பக்கம் போகவே வேண்டாம். ரேடியம்-226ம் யுரேனியம்-235ம் அங்கே ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன.

என் யோசனை: யுரேனியத்துக்கு ஐ.சி.பி.-எம்.எஸ். காமாவை ரேடியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவை ரேடான் (ரேடியத்துக்கும் பிஸ்மத்-214க்கும் நடுவில் வரும் வாயு) கசியாமல் மூடி 4 வாரம் வைத்த பிறகு எண்ணினார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உடனே எண்ணியிருந்தால் அந்த 15 என்பதே குறைவாக வந்த எண்.

---

கரட்டுக்கல்:

காமா சார் சொன்னது சரி. ஆனால் 1.45 கழித்தல் 1.10, அது டி.ஏ.பி. என்று எழுதுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, எவ்வளவு ஏற முடியும்? படிவுப் பாறையிலிருந்து வரும் பாஸ்பேட்டில் கிலோவுக்கு 50 முதல் 200 மி.கி. வரை யுரேனியம் சாதாரணம். எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து வந்தால் அதைவிட ரொம்பக் கம்மி. நாம் போடும் டி.ஏ.பி. எந்த நாட்டுப் பாறை என்று மூட்டையில் எழுதியிருக்காது. நடுவாக 100 என்று வைப்போம். 2 மூட்டை, 100 கிலோ, அதில் 10 கிராம் யுரேனியம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், 15 செ.மீ. ஆழம், அடர்த்தி 1.3 என்றால் மண் எடை ஏறக்குறைய 7.9 லட்சம் கிலோ. வகுத்தால் வருஷத்துக்கு 0.013 மி.கி./கிலோ. 28 வருஷத்துக்கு 0.36. எல்லாம் அங்கேயே தங்கினால்.

உங்கள் 0.35 இதோடு அப்படியே பொருந்துகிறது. இவ்வளவு அழகாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஏனென்றால், ரெண்டாவது விஷயம், தண்ணி. போரில் ஒரு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் யுரேனியம் இருந்து, வருஷத்துக்கு 500 மி.மீ. பாய்ச்சினால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர், 10 கிராம் யுரேனியம். அதாவது 2 மூட்டை டி.ஏ.பி.க்குச் சமம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு 30 மைக்ரோகிராம். அந்த அளவில் தண்ணி இருந்தால் வருஷம் 60 கிராம். பாறைக்குள் 300 அடி, 600 அடி இறங்கிய போர்களில் 5 என்பது ஒரு பெரிய எண்ணே இல்லை. தண்ணியைச் சோதிக்காமல் உரத்தின் மேல் பழி போடக்கூடாது. உங்கள் ஃப்ளோரிமீட்டருக்கு நிஜமான வேலை அங்கேதான்.

மூன்றாவது, பாறை. சேலம் மாவட்டம் யுரேனியத்துக்கு ஒரே சீரான நிலம் இல்லை. சேர்வராயன் மலை சார்னோகைட். அது பூமிக்கு அடியில் வெந்து யுரேனியத்தை ஏற்கெனவே இழந்த பாறை, அதனால் இயல்பு அளவே கம்மி. கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் வெட்டும் நிலத்தில் அதைவிடக் கம்மி. சங்ககிரிப் பக்கம் கிரானைட், கூடுதல். மேற்கே பாக்கநாடு-முலக்காடு கார்பனடைட் பாறை என்றால் அபடைட், மோனசைட் என்கிற பாஸ்பேட் கனிமங்கள் எல்லாம் பாறையிலேயே இருக்கு. அங்கே உரமே போடாத மண்ணிலும் பாஸ்பரஸும் யுரேனியமும் சேர்ந்தே ஏறி நிற்கும். 2 கி.மீ. தள்ளிப் போய் 'உரம் போடாத மண்' எடுத்தால் பாறை வித்தியாசத்தை உர வித்தியாசம் என்று எழுதிவிடுவீர்கள். ஒப்பு மண் 50-100 மீட்டருக்குள், அதே சரிவில், அதே நிறத்தில் இருக்கணும்.

அதுக்காக வரப்பு மண் எடுக்காதீங்க. வரப்பு கட்டுவதே காட்டு மண்ணை வெட்டி அணைத்துத்தானே. உள்ளே விழுந்த உரத்தில் பாதி வரப்பிலும் இருக்கும். உங்கள் 1.10 சுத்தமான ஒப்பு அல்ல. கோயில் நிலம், பழைய வண்டிப்பாதை ஓரம், வேலி முள் அடர்ந்த மூலை, இந்த மாதிரி தேடுங்க.

ஒரு உபயோகமான தடயம்: தோரியமும் சேர்த்து அளந்து, தோரியம்/யுரேனியம் விகிதம் போடுங்க. ஐ.சி.பி.யில் கூடுதல் செலவு இல்லை. உரத்தில் தோரியம் மிகக் கம்மி. சார்னோகைட் மண்ணில் இந்த விகிதம் உயரமாக இருக்கும். வெளியிலிருந்து யுரேனியம் வந்தால் விகிதம் இறங்கும். ஒரே வகைப் பாறையில் யுரேனியம் அளவு இடத்துக்கு இடம் ஆடும்போதும் இந்த விகிதம் அவ்வளவு ஆடாது.

---

ஓமலூர்_செம்மண்:

தண்ணீரை நினைத்தே பார்க்கவில்லை. ஃப்ளோரிமீட்டரில் போடுகிறேன். பஃபர் சோடியம் பைரோபாஸ்பேட்தானே? கரைப்பு முறையில் இன்னொரு சந்தேகம். அக்குவா ரீஜியா முழுசாகக் கரைக்காது, ஹைட்ரோஃப்ளோரிக் போட்டால்தான் ஏற்போம் என்கிறார்கள் சிலர். இந்த வேலைக்கு எது?

---

ஆவிக்கூண்டு:

பஃபர் முதலில். சோடியம் பைரோபாஸ்பேட் 5 கிராம், 100 மி.லி. தண்ணீரில். கரைந்ததும் ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக, பி.ஹெச். 7 வரும் வரை. தண்ணீர் மாதிரி 6 மி.லி.க்கு பஃபர் 0.6 மி.லி. அதன்பிறகு அதே குவெட்டில் தெரிந்த அளவு யுரேனியம் சேர்த்து மறுபடி படியுங்கள். மாதிரிக்கு மாதிரி ஒளிர்வு அடங்குவது மாறும், ஆகவே வெளியே வரைந்த அளவுக்கோட்டை நம்ப வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் பைரோபாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் பாஸ்பேட் பாறையின் வம்சம்தான். மலிவான தரம் வாங்கினால் அதிலேயே யுரேனியம் இருக்கும். மாதிரி இல்லாத வெறும் பஃபரை முதலில் படித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மண் கரைசலை நேரடியாக அதில் போட வேண்டாம். உங்கள் செம்மண்ணில் இரும்பும் மாங்கனீசும் ஒளிர்வை அணைத்துவிடும், அக்குவா ரீஜியாவின் குளோரைடும் சேர்ந்து அணைக்கும். அலுமினியம் நைட்ரேட் உப்பேற்றி எதில் அசிடேட்டில் யுரேனியத்தைப் பிரித்தெடுத்தால் முடியும், ஆனால் 40 மாதிரிக்கு அந்தப் பாடு தேவையா? ஐ.சி.பி.க்கு அனுப்புங்கள்.

கரைப்பு. மண்ணில் சிர்கான் போன்ற கரையாத மணிகளுக்குள் பூட்டிக் கிடக்கும் யுரேனியம் அக்குவா ரீஜியாவில் வராது. 'மொத்த யுரேனியம்' என்று எழுத வேண்டுமானால் ஹைட்ரோஃப்ளோரிக் கட்டாயம், இல்லையேல் லித்தியம் போரேட் உருக்கு. ஆனால் உங்கள் கேள்வி மொத்தம் எவ்வளவு என்பதல்ல, புதிதாக எவ்வளவு வந்தது என்பது. உரத்தோடு வந்தது சிர்கானுக்குள் நுழையப்போவதில்லை. இரும்பு ஆக்சைடின் மேலும் கரிமப் பொருளின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அமிலத்தில் வந்துவிடும். சிர்கான் மணிகள் மாதிரிக்கு மாதிரி கூடக்குறைய விழுவது வெறும் இரைச்சல். ஆகவே எல்லாவற்றையும் அமிலத்தில் இழுங்கள், ஆறேழு மாதிரியை மட்டும் முழுக் கரைப்பும் செய்து இரண்டுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லுங்கள். ஒரே தொகுப்பில் இரண்டு முறையையும் கலந்து ஒப்பிட்டால் அத்தனையும் வீண்.

அமில முறை: 0.5 கிராம் மண், நைட்ரிக் 9 மி.லி., ஹைட்ரோகுளோரிக் 3 மி.லி., மைக்ரோவேவில் ஐந்தரை நிமிடத்தில் 175 டிகிரி, அங்கே நாலரை நிமிடம். ஏற்காட்டு மண்ணில் மட்கு அதிகம், மூடியதும் அழுத்தம் எகிறும். அமிலம் ஊற்றி இரவு முழுக்க மூடாமல் விட்டு, நுரை அடங்கிய பிறகு மூடுங்கள். ஆறியதும் 50 மி.லி., அதிலிருந்து பத்து மடங்கு நீர்ப்பு. ஆக மொத்தம் 1,000 மடங்கு: மண்ணில் 1 மி.கி./கிலோ என்றால் கருவிக்குள் 1 மைக்ரோகிராம்/லிட்டர். அந்த அளவைப் படிப்பது ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸுக்குச் சிரமமே இல்லை.

முழுக் கரைப்பு: 0.25 கிராம், நைட்ரிக் 9, ஹைட்ரோஃப்ளோரிக் 3, 180 டிகிரியில் ஒன்பதரை நிமிடம். பிறகு டெஃப்லான் பீக்கரில் வற்ற வைத்து, நைட்ரிக் 2 மி.லி. விட்டு மறுபடி வற்ற வைத்து, இன்னொரு முறையும். இந்த இரண்டு முறை வற்ற வைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஃப்ளோரைடு மிஞ்சினால் கால்சியம் ஃப்ளோரைடு வெள்ளையாகப் படியும், தோரியத்தையும் யுரேனியத்தில் ஒரு பங்கையும் கூட இழுத்துக்கொண்டு போகும். கருவியின் கண்ணாடி நெபுலைசரும் அரிக்கும். பெர்குளோரிக் அமிலத்தை மட்கு உள்ள மண்ணில் நேராக ஊற்றக் கூடாது, வெடிக்கும். ஹைட்ரோஃப்ளோரிக் வைத்திருக்கும் மேசையில் கால்சியம் குளுகோனேட் ஜெல் இல்லையென்றால் புட்டியைத் திறக்கவே வேண்டாம். தோலில் பட்ட நேரத்தில் எரியாமலே போகலாம், உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும்.

கருவி நகர்வதைத் திருத்த எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் உள்தரமாக பிஸ்மத்-209 அல்லது இரிடியம்-193. பக்கத்து எடை என்பதற்காகத் தோரியத்தை வைக்காதீர்கள், மண்ணிலேயே இருக்கிறது. ஒவ்வொரு 20 மாதிரிக்கும் இரண்டு வெற்று (மண் இல்லாமல் அமிலம் மட்டும்), இரண்டு இரட்டை (அதே மண் இன்னொரு முறை), ஒரு தரச்சான்று மண் (அளவு முன்பே தெரிந்தது). ஐ.ஏ.இ.ஏ. சாயில்-7 வாங்க முடிந்தால் நல்லது. அதில் யுரேனியம் சுமார் 2.6, உங்கள் எல்லைக்கு அருகில். காடும் ஒப்பு நிலமும் ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில், மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். காட்டு மாதிரியெல்லாம் திங்கள், ஒப்பு மாதிரியெல்லாம் வியாழன் என்று ஓடினால் கருவி நகர்ந்ததே 5 சதவீத வித்தியாசமாக வந்து நிற்கும்.

அரைப்பது அகேட் உரலில், 75 மைக்ரான் சல்லடை போகும் வரை. சிர்கோனியா பந்து அரவை வேண்டாம், தேய்மானத்தோடு யுரேனியமும் வரும்.

---

மிளகுக்கொடி:

காப்பித் தோட்டத்துக்கு மாதிரி எடுப்பதை ஓமலூர்க் காட்டு மாதிரி நினைக்க வேண்டாமுங்க. மரவள்ளிக் காட்டில் உழவு எல்லாத்தையும் கலக்கிவிடும். காப்பியில் உழவே இல்லை. உரம் செடியைச் சுற்றி வட்டமாக, இலை நுனி விழுகிற இடத்தில் விழுகிறது. முப்பது வருஷமும் அதே வட்டம். வட்டத்துக்குள் ஒரு அளவு, இரண்டு வரிசைக்கு நடுவில் வேறு அளவு. நடந்துபோகிற பாதையில் ஆகரை (மண் துளைக்கும் கருவி) குத்தி எடுத்தால் ஒன்றுமே இல்லை என்று வரும். வட்டத்தில் மட்டும் எடுத்தால் தோட்டம் முழுக்க அப்படி என்று வரும். இரண்டையும் தனித்தனியாக எடுத்து, வட்டம் எத்தனை பங்கு நிலம் என்று டேப் பிடித்து அளந்து, அந்தப் பங்குப்படி சராசரி போடுங்கள்.

ஆழமும் அப்படியே. கலக்காத மண்ணில் 0-15 என்று ஒரே துண்டாக எடுத்தால் மேலே 5 செ.மீ.யில் இருப்பது கீழே 10 செ.மீ.யோடு கலந்து மறைந்துவிடும். 0-5, 5-15, 15-30 என்று வெட்டுங்கள். சருகையும் பாதி மக்கியதையும் கையால் ஒதுக்கிவிட்டு, மண் தெரியும் இடத்திலிருந்து 0 கணக்கு. இல்லாவிட்டால் ஒருவர் 0 என்பது இன்னொருவருக்கு 4 செ.மீ. ஆகும்.

ராக் பாஸ்பேட் புளிப்பு மண்ணில்தான் கரையும், அதனால்தான் மலையில் போடுகிறோம். ஆனால் எல்லாம் கரையாது. கரையாத தூள் இன்னும் அபடைட் மணியாகவே கிடக்கும், அதில் யுரேனியமும் ரேடியமும் சேர்ந்தே இருக்கும். ஆக இந்தத் தோட்டத்தில் காமாவின் 609 கோடும் கொஞ்சம் ஏறியிருக்கணும். ஓமலூரில் ஏறாமல் இங்கே ஏறினால், காமா சார் சொன்ன விளக்கத்துக்கு அதுவே நல்ல சோதனை.

தங்குவதிலும் வித்தியாசம் உண்டு. ஏற்காட்டில் பி.ஹெச். 5-6, இரும்பும் அலுமினியமும் நிறைந்த மண். யுரேனியம் இறுகப் பிடித்துக்கொள்ளும், பெரும்பாலும் மேலேயே நிற்கும். சரிவில் மண்ணே கரைந்து போனால்தான் போகும். படிக்கட்டு வரப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்தால் அதுவும் தெரியும். கீழ்நாட்டில் மண்ணில் சுண்ணாம்பு ஓடி பி.ஹெச். 8ஐத் தாண்டினால் யுரேனியம் கார்பனேட்டோடும் கால்சியத்தோடும் சேர்ந்து தண்ணியில் நகர ஆரம்பிக்கும். ஓமலூரில் 15 செ.மீ.யோடு நிறுத்தாமல் சில குழியாவது 60, 90 செ.மீ. வரை போகணும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் மாதிரி மண் பரிசோதனைக் கூடத்தில் பி.ஹெச்., கிடைக்கும் பாஸ்பரஸ் இரண்டும் பார்த்து வாங்கிவிடுங்கள், யுரேனியத்துக்கு முன்னால் அது வேணும்.

ஒப்பு மண்ணுக்கு அதே உயரத்தில் இருக்கிற சோலைத் துண்டோ கோயில் காடோ. மலை உச்சியில் பாக்சைட் மூடிய மேட்டில் எடுத்துவிடாதீங்க. அது எல்லாம் கரைந்துபோய் மிச்சம் நின்ற மண், தோட்டத்து மண்ணோடு ஒப்பிட ஆகாது.

சின்ன விஷயம், ஆனால் இதில்தான் நிறைய மாதிரி கெடுகிறது: மண்ணைப் பழைய உரச் சாக்கில் அள்ளுவது, சாக்கை விரித்துக் காயப்போடுவது. ஒரு டி.ஏ.பி. குருணை 3 மி.மீ. இருக்கும், எடை 23 மி.கி. அதில் 100 மி.கி./கிலோ யுரேனியம் என்றால் ஒரு குருணையில் 2.3 மைக்ரோகிராம். நீங்கள் கரைக்கிற அரை கிராமில் அது உடைந்து விழுந்தால் கிலோவுக்கு 4.6 மி.கி. கூடிவிடும். நீங்கள் தேடுகிற வித்தியாசமோ 0.35. புதுப் பிளாஸ்டிக் பை, புது விரிப்பு, அறுவடைக்குப் பின் அடுத்த உரத்துக்கு முன் எடுப்பது. தொழுவுரம் கொட்டிய இடத்தையும் விட்டுவிடுங்க. மாட்டுத் தீவனத்துத் தாது உப்பில் டைகால்சியம் பாஸ்பேட் இருக்கு, அதுவும் பாஸ்பேட் பாறைதான், சாணி வழியாக வந்து சேரும்.

---

ஓமலூர்_செம்மண்:

போர்த் தண்ணீர் பார்த்தாச்சு. மூன்று நாள், மூன்று மாதிரி, சராசரி 14 மைக்ரோகிராம்/லிட்டர். பாசனம் வருஷத்துக்கு ஏறக்குறைய 400 மி.மீ. வரும். காமா டப்பாவை மூடி நான்கு வாரம் வைத்துத்தான் எண்ணியிருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். ஜிப்சம் போட்டதில்லை.

ஒரு கேள்வி பாக்கி. கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களைப் பார்க்கும் கருவி) கிடைக்கும். அதை வைத்துக் காட்டை மேலோட்டமாக ஒரு சுற்று பார்த்து, எங்கே கூடுதல் என்று தெரிந்த பிறகு மாதிரி எடுக்கலாமா?

---

ஆவிக்கூண்டு:

மண்ணுக்கு வேண்டாம். அதன் கண்ணுக்குத் தெரிய 5-10 மி.கி./கிலோவாவது வேண்டும், உங்களிடம் இருப்பது ஒன்றரை. யுரேனியத்தின் 13.6 கே.ஈ.வி. கோட்டுக்குப் பக்கத்திலேயே ருபீடியம் 13.4ல் நிற்கிறது, மண்ணில் ருபீடியம் தாராளம். திரையில் ஏதாவது எண் வரும், அது ருபீடியத்தின் நிழல். ஆனால் உர மூட்டைக்கு அதே கருவி அருமை. டி.ஏ.பி., ராக் பாஸ்பேட், காம்ப்ளக்ஸ் எது கிடைத்தாலும் அரைத்துக் கப்பில் போட்டு 3 நிமிடம் காட்டுங்கள். கடைக்குக் கடை, வருஷத்துக்கு வருஷம் பல மடங்கு மாறும். கரட்டுக்கல் வைத்த 100 என்பது நீங்கள் அளக்கும் வரைதான் 100.

---

கரட்டுக்கல்:

14 மைக்ரோகிராம், 400 மி.மீ. என்றால் ஏக்கருக்கு வருஷம் 23 கிராம். 12 வருஷத்தில் 270 கிராமுக்கு மேல். டி.ஏ.பி. 28 வருஷத்தில் 280 கிராம். இரண்டும் சரிக்குச் சரி. இரண்டும் முழுசாக மேல்மண்ணில் தங்கியிருந்தால் 0.70 ஏறியிருக்கணும், நீங்கள் பார்ப்பது அதில் பாதி. கீழே இறங்கியிருக்கலாம், மூட்டையில் 100 இல்லாமல் 50 இருந்திருக்கலாம், வரப்பு ஒப்பு சரியில்லாததால் வித்தியாசம் சுருங்கியிருக்கலாம். இப்போதைய எண்ணை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க வழியே இல்லை.

யுரேனியம்-234க்கும் 238க்கும் உள்ள விகிதம், பெக்கரல் கணக்கில், உரத்தில் ஏறக்குறைய 1, நிலத்தடி நீரில் பெரும்பாலும் 1க்கு மேல். ஆல்ஃபா நிறமாலையில் பார்த்தால் எது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு பிரிக்கலாம். சாதாரண ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸில் 234 எட்டாது, அணு எண்ணிக்கையில் அது ஒரு லட்சத்தில் 5 பங்குதான். ஆனால் உங்களிடம் 40 மாதிரிக்குத்தானே காசு. அதனால் நிலத்தையே பேச வையுங்க. நாலு வகைத் துண்டு தேடுங்க: போர்த் தண்ணியும் டி.ஏ.பி.யும் போகும் காடு, டி.ஏ.பி. மட்டும் போகும் பக்கத்து மானாவாரிக் காடு. தண்ணி மட்டும் போகும் இடம், அதாவது அதே போரில் பாயும், உரம் காணாத தென்னையோ தீவனப்புல்லோ. ரெண்டும் போகாத மூலை. ஒவ்வொன்றிலும் 4 கூட்டு மாதிரி, ஒவ்வொரு கூட்டு மாதிரிக்கும் 15-20 இடத்தில் குத்தி எடுத்துக் கலந்த மண். 16 ஆச்சு. உரத்தின் பங்கைப் பார்க்க 8க்கு 8, தண்ணியின் பங்கைப் பார்க்கவும் அதே மாதிரிகளே 8க்கு 8. ஜோடிக்கு ஜோடி ஆட்டம் 0.3 மி.கி. என்றால் 0.35 வித்தியாசத்தைப் பிடிக்க எட்டு ஜோடி கிட்டத்தட்டப் போதும். 0.15ஐப் பிடிக்கணும்னா முப்பதுக்கு மேல் வேணும், அதை இப்போது தொடாதீங்க.

ஆழத்துக்கு 4. ஏற்காட்டுக்கு 12: ஆறு இடம், வட்டமும் சோலையும் ஜோடியாக, 0-5 மட்டும். மிச்சம் 8ல் இரட்டை மாதிரியும், டி.ஏ.பி., ராக் பாஸ்பேட், தொழுவுரம் ஒவ்வொன்றும்.

---

ஓமலூர்_செம்மண்:

தண்ணி மட்டும் போகும் இடம் இருக்கிறது. போர் ஷெட் பக்கத்தில் 11 தென்னை, தொட்டி நிரம்பி வழிகிற தண்ணிதான் அதுக்கு. உரம் வைத்ததே இல்லை.

---

மிளகுக்கொடி:

வழிகிற தண்ணி என்றால் காட்டைவிடப் பல மடங்கு பாய்ந்திருக்கும். தொட்டி ஓரத்தில் எடுக்காமல், வாய்க்கால் முடிகிற கடைசி ரெண்டு மரத்துக்கிட்ட எடுங்க. எத்தனை மணி நேரம் வழிகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் அதையும் மி.மீ. கணக்குக்கு மாற்றிவிடலாம்.